கலந்து போடச் சொன்னேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். அதில் ‘ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அந்தப் பெயரை ஒரு விவசாயியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். என்னிடமும் பல வருடம் அப்படித்தான் தலையாட்டினார்கள். ஒருநாள் வெறுத்துப்போய், அந்த நீளப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் புரிந்தது. எவ்வளவு நன்றாகப் புரிந்தது என்றால், ஓர் உளுந்து வயலே அதனால் படுத்துவிட்டது.

முப்பது வருடத்துக்கும் மேலாக உதவி வேளாண்மை அலுவலராக இருந்தவள் நான். கடைசிச் சில வருடங்கள் வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உள்ள கிராமங்கள் என் பொறுப்பு. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கம்பெனி பஸ், நடுவில் என் ஸ்கூட்டி, அதன் காலடியில் உயிர் உரப் பொட்டலங்கள். ‘அங்கே இன்னும் விவசாயம் நடக்கிறதா?’ என்று மற்ற வட்டாரத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். நடக்கிறது. ஏரிக்குக் கீழே நெல் அறுத்த கையோடு தை மாதத்தில் உளுந்து விதைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனியில் இருப்பார். வயல் வேலை எல்லாம் அவருடைய வாராந்திர விடுமுறையில்தான் நடக்கும்.

அதனால் நானும் ஞாயிற்றுக்கிழமையில்தான் கூட்டம் போடுவேன். அந்த ஞாயிறு சமுதாயக் கூடத்தில் முப்பது பேர் போல இருந்தார்கள். பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் ஒருங்கிணைந்த மேலாண்மை என்றால் யார் விழித்திருப்பார்கள்? “தனியா தொழு உரம் மட்டும் போட்டா பத்தாது. தனியா டி.ஏ.பி. மட்டும் போட்டாலும் பத்தாது. தொழு உரம், உயிர் உரம், ரசாயன உரம், மூணையும் கலந்து போடுங்க. உளுந்து எப்படிக் காய்க்குதுன்னு பாருங்க” என்றேன். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். எனக்கு ஒரே பெருமை.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் கன்னியம்மா, நாற்பது வயதிருக்கும். சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை. புருஷன் ஏழுமலை ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது.

“எங்க நெலத்த லாரி யார்டுக்குக் கேக்கறாங்கோ மேடம். கிராவல் கொட்டி, மட்டம் பண்ணி, வண்டிங்கள நிறுத்திக்குவாங்களாம். எங்க வூட்டுக்காரரு சரின்னு சொல்ற மாதிரி கீறாரு. நாந்தான் ஒரே ஒரு போகம் குடு, நான் எடுத்துக் காட்டறேன்னு கேட்டுக்கினு இருக்கேன். நீங்க சொன்னாப்புல போட்டா வெளையுமா?”

கிராவல் கொட்டின நிலம் திரும்ப வயலாவதை நான் என் வேலைக்காலம் முழுவதும் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். “விளையும்மா. உன் வயலையே செயல்விளக்கத் திடலா எடுத்துக்கறேன்” என்றேன். அரசாங்கச் செலவில் விதை, உரம் கொடுத்து, எங்கள் முறைப்படி பயிர் செய்து, ஊராருக்குக் காட்டுகிற வயலுக்குத்தான் அந்தப் பெயர். அடுத்த வாரமே அவள் விடுதி வேலையை விட்டுவிட்டாள். வயல் ஓரத்தில் ‘செயல்விளக்கத் திடல்’ என்று பச்சை எழுத்தில் பலகையும் நட்டாகிவிட்டது.

விதைப்புக்குக் குறித்த ஞாயிறன்று என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பொருள்களை எல்லாம் வெள்ளிக்கிழமையே அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு, “கூட்டத்துல சொன்ன மாதிரியே செஞ்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடப் போய்விட்டேன். நிச்சயதார்த்தத்துக்குப் போனதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. ‘கூட்டத்தில் சொன்ன மாதிரியே’ என்று சொன்னேனே, அதற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

முதல் இரண்டு வாரம் பயிர் ஜோராக இருந்தது. முளைப்புதான் கொஞ்சம் குறைச்சல். எறும்பு தின்றிருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். இருபத்தைந்தாம் நாள் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், வயல் முழுக்க வெளிறிக் கிடக்கிறது. ஏழுமலை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், கையில் ஒரு மருந்து பாட்டிலோடு நிற்கிறார்.

“இன்னா மேடம் இப்டி மஞ்சளா பூட்ச்சு? கடையில கேட்டேன், மஞ்ச நோவுன்னு சொல்லி இத்த அடிக்கச் சொன்னாரு. அடிச்சிடவா?”

“கொஞ்சம் இருங்க” என்றேன். மஞ்சள் தேமல் நோய் என்றால் இலையில் திட்டுத் திட்டாகப் பளிச்சென்று இருக்கும். இங்கே அடி இலையிலிருந்து மேலே வரைக்கும் ஒரே சீராக வெளிறியிருந்தது. ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வாய்க்காலில் அலசினேன். பிடுங்காதீர்கள், தோண்டுங்கள். பிடுங்கினால் நாம் பார்க்க வேண்டியது மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். உளுந்தின் வேரில் இந்த வயதில் சின்னச் சின்ன முடிச்சுகள் கொத்தாக இருக்க வேண்டும். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கிற இடம் அதுதான். நாங்கள் பொட்டலத்தில் கொடுக்கும் ரைசோபியம் என்ற உயிர் உரம் அந்த நுண்ணுயிர்தான். என் கையில் இருந்த வேர் மொட்டையாக இருந்தது. இன்னும் நாலு செடி தோண்டினேன், நாலும் அப்படியே.

“விதைச்ச அன்னிக்கு என்ன செஞ்சீங்க? காலையிலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு இருக்கறதே ஒரு நாள் லீவு மேடம். எரு எறைச்சி, டி.ஏ.பி. வுட்டு, வெதைக்கு மருந்து கலந்து காய வச்சி, அப்பறம் வெதைக்கறதுன்னா நாலு ஆபரேஷன். நான் எல்லாத்தையும் ஒரு பெரிய அண்டாவுல கொட்டி, கஞ்சியில அந்தப் பொட்டலத்த கொழச்சித் தடவுன ஈர வெத, எரு, டி.ஏ.பி., நல்லா பெரட்டிக் கலந்து ஒரே கையில வீசிட்டேன். நாலு ஆபரேஷன ஒண்ணாக்கிட்டேன். எங்க கம்பெனில இப்டி டைம் கொறச்சா சர்டிபிகேட் குடுத்து போட்டோ புடிப்பாங்கோ. நீங்களும் கலந்து போடத்தான சொன்னீங்கோ?”

நான்தான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவர் மாற்றவில்லை. நான் சொன்ன ‘கலந்து’ என்பதற்கு, ஒரே பயிருக்கு மூன்றையும் அதனதன் நேரத்தில் கொடுங்கள் என்று அர்த்தம். அவர் கேட்ட ‘கலந்து’ அண்டாவில் போட்டுப் புரட்டுவது. டி.ஏ.பி. குருணை ஈர விதையோடு ஒட்டிக்கொண்டு கரைந்தால் அதன் காரத்தில் அந்த நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்காது. பொட்டலத்தைப் பிரித்த அரை மணி நேரத்தில் அத்தனையும் செத்திருக்கும். உரத்தில் இருந்த தழைச்சத்து இருக்கும்வரை பயிர் ஜோர் காட்டியது, தீர்ந்ததும் வெளிறிவிட்டது.

வரப்போரம் நின்றிருந்த கன்னியம்மா, “வரப்பாண்ட இருக்கறத பாத்தீங்களா மேடம்?” என்றாள்.

எங்கள் பக்கம் வரப்பிலும் நாலு உளுந்து ஊன்றுவது வழக்கம். அண்டாவில் கொட்டுவதற்கு முன்பே, கஞ்சியில் உயிர் உரம் கலந்து புரட்டிய விதையில் ரெண்டு கை எடுத்து அவள் நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறாள். சாயங்காலம் குப்பை எருவை ஒரு கூடை கொண்டுபோய்த் தூவி, அதை வரப்போரம் ஊன்றிவிட்டாள். அந்தச் செடிகள் கரும்பச்சையாக நின்றன. ஒன்றைத் தோண்டினேன். வேர் முழுக்க முடிச்சு. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எனக்கு சந்தோஷப்படுவதா, தலையில் கை வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இந்த அழகில், இன்னும் நாலே நாளில் மாவட்ட இணை இயக்குநர் என் திடலைப் பார்க்க வருவதாக இருந்தது. விவசாயிகளையும் கூட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். “இதுக்குப் போய் அழுவாங்களா? நாளைக்கே யூரியா தூவித் தண்ணி கட்டுங்க. நாலாம் நாள் பச்சையா நிக்கும். வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க.”

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் காலை யூரியா மூட்டையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயிருக்கும் கொஞ்சம் தழைச்சத்து கிடைக்கட்டுமே, அதில் என்ன தப்பு என்றெல்லாம்.

வயலில் கன்னியம்மா களை எடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“இத்த போட்டா வேர்ல முடிச்சு வந்துடுமா மேடம்?”

“வராதும்மா. கொஞ்ச நாள் பச்சை காட்டும். வர்ற ஒண்ணு ரெண்டு முடிச்சும் வராமப் போகும்.”

“அப்ப யாருக்கு மேடம் போடறோம்?”

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு போகத்தை என் பேச்சை நம்பி வைத்திருக்கிறாள். நான் அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடிக்க வந்திருக்கிறேன். மூட்டையை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. “தப்பு என்னோடதும்மா. நான் சொன்னது சரியில்ல” என்று சொல்லிவிட்டு, அவளோடு வரப்பில் உட்கார்ந்து இனி என்ன செய்யலாம் என்று பேசினேன்.

செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நன்றாக மக்கிய எருவில் புதிதாக உயிர் உரப் பொட்டலத்தைக் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு செடிகளுக்கு நடுவே தூவி, லேசாகத் தண்ணீர் விடுவது. பூக்கும் சமயத்தில் டி.ஏ.பி.யை ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து இலைமேல் தெளிப்பது, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. “விதையில செய்ய வேண்டியத இப்ப செய்யறோம். பாதிதான் தேறும், அதுக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்” என்றேன். “பாதியாவது தேறட்டும்” என்று எழுந்து போய் எருக்குழியில் மக்கினது எது என்று கிளறிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் ஜீப் வந்தது. இணை இயக்குநர் அதிகம் பேசாத மனிதர். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஊர் விவசாயிகள் இருபது பேர் நின்றார்கள். ஏழுமலையும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பலகை என்னவோ பளிச்சென்று நின்றது, பயிர்தான் வெளிறி நின்றது. எல்லோரும் ஏழுமலையையே பார்த்தார்கள். ‘கவர்மென்டு குடுத்ததைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியலை’ என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

“சார், இந்தத் திடல் தோத்துப் போச்சு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “காரணம் ஏழுமலை இல்ல. நான்தான் மூணு உரத்தையும் கலந்து போடச் சொன்னேன். எது முன்னாடி, எது பின்னாடின்னு சொல்லல. அவரு நான் சொன்ன வார்த்தைய அப்படியே செஞ்சிருக்காரு.”

யூரியா யோசனை சொன்னவர் ஏரிக்கரையில் ஏதோ பறவையைத் தேட ஆரம்பித்துவிட்டார். இணை இயக்குநர் வயலைச் சுற்றி நடந்தார். வரப்புக்கு வந்ததும் நின்றார். “இது என்ன?” என்றார். கன்னியம்மா சொன்னாள். வரப்பில் ஒரு செடியையும் வயலில் ஒரு செடியையும் தோண்டி, அலசி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டச் சொன்னார். அத்தனை தலைகளும் குனிந்தன. என் கூட்டத்தில் தூங்கி வழிந்தவர்கள்கூட முடிச்சைக் கிள்ளிச் சிவப்பைப் பார்த்தார்கள்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர், “நான் சொல்லிக்கினே கீறேன், யாரு கேக்கறாங்க? ரசாயன உரமே போடக் கூடாது. அதுதான் இத்த சாவடிச்சிருக்கு” என்றார். ஆமாம், ஆமாம் என்றார்கள். நாலைந்து பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்குத் தப்பிக்க ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி டி.ஏ.பி. தலையில் போய்விடும். இணை இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அது இல்லீங்க” என்றேன். “முடிச்சு வளரவே மணிச்சத்து வேணும், டி.ஏ.பி.ல அது கீது. வரப்புல நாலு செடி எருவுலயே நிக்கும், ஒன்றரை ஏக்கருக்குக் கொட்ட எரு நம்ம யார்கிட்ட இருக்கு? உரம் தப்பு இல்ல. விதையும் உரமும் ஒண்ண ஒண்ணு தொட்டதுதான் தப்பு. எருவும் உரமும் முதல்ல மண்ணுக்குள்ள போயிடணும். விதை அப்புறம் தனியா வரணும்.” பேசும்போது என் வாயிலும் ‘கீது’ வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜீப்பில் ஏறும் முன் இணை இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெமோ என்று நினைத்தேன். “நம்ம கையேடு முழுநேர விவசாயிக்கு எழுதினது. இந்த ஊர்ல யாரும்மா முழுநேர விவசாயி? ஒரு நாள் லீவு இருக்கிறவனுக்கு எதை எப்போ செய்யணும்னு ஒரு பக்கத்துல எழுதுங்க. எழுதி முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டுங்க. அப்புறம் எனக்கு அனுப்பினா போதும்” என்றார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாடம் அதுதான். அவரை அதற்குப் பிறகு நான் இரண்டு தடவைதான் பார்த்திருப்பேன்.

நானும் கன்னியம்மாவும் எழுதினோம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எருவும் டி.ஏ.பி.யும் போட்டுக் கடைசி உழவு. ஞாயிறு காலை விதையில் உயிர் உரம் புரட்டி, நிழலில் உலர்த்தி, விதைப்பு. மொத்தம் ஏழெட்டு வரி வந்தது. நான் ‘கலந்து’ என்று எழுதின இடத்தில் எல்லாம், “எத்தோட எத்த?” என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திருத்தி எழுத வைத்தாள்.

அந்தப் போகத்துப் பயிர் முழுதாகத் தேறவில்லை. ஆனால் படுத்தது எழுந்து நின்றது. புதிதாகச் சில வேர்களில் முடிச்சு வந்தது. பூத்த சமயத்தில் இரண்டு தடவையும் ஏழுமலை காலை ஷிஃப்ட் முடித்து வந்து தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டார். காய் பிடித்தது. அக்கம்பக்கத்து வயல்களைவிடக் குறைச்சல்தான். நான் வாக்குக் கொடுத்த மகசூல் இல்லை. யார்டுக்காரர்களுக்குச் சொல்லியிருந்த தவணையும் அறுவடையோடு முடிகிறது. அறுத்து அடித்துத் தூற்றி முடித்த நாளில் நான் போனபோது, எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

கன்னியம்மா மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாமே விற்பனைக்கு. விதைக்கு என்று அவள் எடுத்து வைக்கவில்லை, கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஏழுமலை கழுத்தில் கம்பெனி அட்டையோடு தார்ப்பாயின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“யார்டுக்காரங்க எப்ப வர்றாங்க?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“நேத்தே வந்தாங்கோ மேடம். டேப்பு புடிச்சிக்கினு வந்தாங்கோ. வேற எடம் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டேன்.”

கன்னியம்மாவின் கை ஊசியோடு நின்றது. அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது.

“விளைச்சல் குறைச்சல்தானே ஏழுமலை” என்றேன்.

“கொறச்சதான்.” அவர் தார்ப்பாயில் சிந்திக் கிடந்த உளுந்தைக் கையால் அளைந்தார். “பதினாலு வருசமா லைன்ல நிக்கறேன் மேடம். பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஆபரேட்டர் தப்பு. டிராயிங் தப்பா இருந்தாலும் ஆபரேட்டர் தப்புதான். மேல கீறவங்க யாரும், இது நான் சொன்னதுல வந்த தப்புன்னு சொல்லி நான் கேட்டதே கெடையாது. அன்னிக்கி அத்தினி பேர் என்னிய பாக்கறப்போ நீங்க சொன்னீங்கோ. அப்பவே முடிவு பண்ணிட்டேன், தப்பு எங்கன்னு தெரிஞ்சி பூட்ச்சில்ல, இன்னொரு தபா போட்டுப் பாக்கலாம்னு.”

எனக்குக் கண் கலங்கியது. அத்தனை வருடம் எத்தனையோ திடல் போட்டு, எத்தனையோ மகசூல் கணக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எதற்கும் இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

கன்னியம்மா தைத்து முடித்திருந்த மூட்டை ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, வாயைப் பிரித்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த தைக்கு விதையாகும் மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.